சீன வைத்தியமும் சான்று தேடிய வரலாறும்

இந்த மருந்து இந்த நோயைத் தீர்க்கும் என்பது எவ்வாறு தெரியும்? வைத்தியத் தொழில் தோன்றிய காலந்தொட்டு அதனோடு கூடவே வந்த வினா இது. இதற்கு உலகெங்கும் இருவகை விடைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. முன்னோர் நூலில் அவ்வாறு எழுதியிருக்கிறது என்பது ஒன்று. கொடுத்துப் பார்த்தோம், குணம் கண்டோம் என்பது மற்றொன்று. முதலாவதை ஏட்டுச் சான்று என்றும், இரண்டாவதைக் கண்ட சான்று என்றும் சொல்லலாம். இவ்விரண்டுக்கும் இடையே நடந்த நீண்ட வழக்கின் கதையே சீன வைத்தியத்தின் கதை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக எழுத்திற் பதிந்து வந்த அவ்வைத்தியம், இன்று எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சையை எந்த ஆதாரத்தின்மேல் அளிக்கலாம் என்று வகுத்துரைக்கும் வழிகாட்டி நூல்களை ஆக்கி வருகின்றது. அந்நூல்களில் பழைய ஏட்டுக்கு எவ்வளவு இடம், புதிய பரிசோதனைக்கு எவ்வளவு இடம் என்பது புலவர்க்கு மட்டும் உரிய வாதமன்று. அதன் முடிவைத் தம் உடலில் ஏற்பவர்கள் நோயாளிகள்.

கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், ஹான் பேரரசு தளர்ந்து கொண்டிருந்த வேளையில், சீனாவிற் கொள்ளைக் காய்ச்சல்கள் பரவின. அக்காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்னும் வைத்தியர், 196ஆம் ஆண்டில் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள், இருநூறு பேருக்கு மேற்பட்ட தம் குலத்தாரில் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர் என்றும், மாண்டோரிற் பத்தில் எழுவர் குளிர்தாக்கிய சுரத்தால் இறந்தனர் என்றும் தமது நூலின் முன்னுரையிற் குறிப்பிட்டார். அந்தத் துயரமே அவரை எழுதத் தூண்டியது. பண்டையோர் உரைகளைக் கற்றும், பலர் கையாண்ட மருந்து முறைகளைத் திரட்டியும் அவர் ஆக்கிய நூலின் ஒரு பகுதியே 'ஷாங்ஹான் லுன்' என்ற பெயரால் இன்றும் ஓதப்படுகின்றது. சுரம் இந்த நிலையில் இருந்தால், நாடி இவ்வாறு நடந்தால், வியர்வை உண்டானால் அல்லது உண்டாகாவிட்டால், இந்தக் குடிநீரைக் கொடுக்க என்று குறியையும் மருந்தையும் இணைத்துச் சொல்வது அதன் போக்கு. இன்றைய சிகிச்சை வழிகாட்டிகளின் மூதாதை என்று அதனைக் கருதினால் தவறில்லை.

ஒரு தனி வைத்தியர் தொடங்கிய இப்பணியைப் பிற்கால அரசுகள் தம் கையில் எடுத்துக்கொண்டன. தாங் பேரரசு 659இல் அரசாணையால் ஒரு மருந்துச் சரக்கு நூலைத் தொகுப்பித்தது. சோங் பேரரசு 1057இல் வைத்திய நூல்களைத் திருத்தி வெளியிடுவதற்கென்றே ஒரு பணிமனையை நிறுவிற்று. சுவடிதோறும் வேறுபட்டுக் கிடந்த பாடங்களை ஒப்புநோக்கி, அறிஞர்கள் 1065இல் ஷாங்ஹான் லுன்னை அச்சில் ஏற்றினர். 1076இல் தலைநகரில் அரசாங்க மருந்துச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. அங்கு விற்கப்பட்ட மருந்துகளின் செய்முறைகள் பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டு நாடெங்கும் பரவின. இவ்வாறு, எந்த மருந்து எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பதில் ஒரு பொது அளவு ஏற்பட்டது. எனினும், சுவடி பிழையற்றதா என்பதையே அப்பணிமனை பெரிதும் ஆராய்ந்தது. மருந்து நோயைத் தீர்த்ததா என்பது வேறு வினா.

அந்த வேறு வினாவின் சாயலும் அதே நூற்றாண்டில் தென்படுகின்றது. சு சோங் என்ற அறிஞர் 1061இல் தொகுத்த படங்களோடு கூடிய மருந்து நூலில், ஷாங்டாங் நாட்டு ஜின்செங் வேர் உண்மையானதா என்று சோதிக்கும் வழி ஒன்று வழிவழிச் செய்தியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இருவர் ஒருங்கே நடக்க வேண்டும். ஒருவர் வாயில் வேரை அடக்கிக்கொள்வார், மற்றவர் வெறுவாயோடு செல்வார். மூன்று முதல் ஐந்து லி, அதாவது சுமார் ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோமீற்றர், தூரம் சென்றபின் வெறுவாயர் மூச்சிரைப்பார். மற்றவர் மூச்சு இயல்பாக இருக்குமாயின் வேர் மெய்யானது. மருந்து உண்டவரை மட்டும் பார்த்தால் போதாது, உண்ணாத ஒருவரையும் அருகில் நிறுத்தி ஒப்பிட வேண்டும் என்னும் கருத்து இதிற் பொதிந்துள்ளது. இன்றைய பரிசோதனை முறைக்கு அதுவே வித்து. ஆயினும், நடந்தவர் இருவரே. அவருள் ஒருவர் இயல்பிலேயே வலியவராக இருந்திருக்கலாம். வேர் தம் வாயில் உண்டு என்பதையும் அவர் அறிவார். இந்த வித்து முளைத்து மரமாவதற்கு இன்னும் தொள்ளாயிரம் ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

மிங் பேரரசின் காலத்தில் ஹூபே மாகாணத்துக் கிசோவில் வாழ்ந்த லி ஷிஜென், 1518 முதல் 1593 வரை இருந்தவர், பழைய மருந்து நூல்களிற் பிழைகள் மலிந்திருக்கக் கண்டார். ஒரே சரக்கு இரு பெயரால் இருமுறை சொல்லப்பட்டிருந்தது. வெவ்வேறு இருசரக்குகள் ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்தன. இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து, மும்முறை திருத்தி எழுதி, 1578இல் அவர் முடித்த 'பென்சாவ் காங்மூ' 1,892 சரக்குகளையும், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளையும் 52 பாகங்களிற் கொண்டது. அவர் மறைந்தபின் 1596இல் நான்ஜிங் நகரில் அது அச்சாயிற்று. இரசத்தை உண்டால் இறவாமை சித்திக்கும் என்ற இரசவாதிகளின் கூற்றை, அதனை உண்டு உயிரிழந்தோரைச் சுட்டி அவர் கண்டித்தார். ஏட்டை மதித்துக்கொண்டே ஏட்டை வினாவும் துணிவு சீன மரபுக்குள்ளேயே இருந்தது என்பதற்கு அவர் சான்று. 1830இல் வாங் சிங்ரென் என்பவர், கைவிடப்பட்ட பிணங்களைத் தாமே சென்று பார்த்து, உள்ளுறுப்புகளைப் பற்றிப் பண்டை நூல்கள் எழுதியவை பிழை என வெளியிட்டமையும் இவ்வகையிற் சேரும்.

இருபதாம் நூற்றாண்டில் வழக்கு முற்றிற்று. மேனாட்டு வைத்தியம் கற்ற யூ யுன்சியூ, பழைய வைத்தியத்தைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று 1929 பெப்ரவரியில் நான்ஜிங் அரசின் சுகாதார சபைக்கு ஒரு தீர்மானத்தைச் சமர்ப்பித்தார். சீன வைத்தியர்கள் மார்ச் 17ஆம் நாள் ஷாங்ஹாயிற் கூடிப் பேரெதிர்ப்புக் காட்டினர். தீர்மானம் நடைமுறைக்கு வரவில்லை. இதற்கு இடையே, வேறொரு வழியும் திறந்து கொண்டிருந்தது. மாஹுவாங் என்னும் பழைய சரக்கிலிருந்து யப்பானிய அறிஞர் நாகாயி 1885இற் பிரித்தெடுத்த எபெட்ரின் என்ற பொருளின் ஆற்றலை, பீக்கிங் ஒன்றிய வைத்தியக் கல்லூரியில் 1920களில் சென் கேஹுயும் கார்ல் ஷ்மிட்டும் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தனர். இழுப்பு நோய்க்கு அது மேனாடுகளிலும் மருந்தாயிற்று. ஒழிக்க வேண்டும் என்போரும் காக்க வேண்டும் என்போரும் பொருதிய களத்தில், சோதித்துப் பார்ப்போம் என்ற மூன்றாம் குரலாக அது ஒலித்தது. 1949இன் பின் புதிய அரசு பழைய வைத்தியத்தைத் தன் சுகாதார அமைப்பில் இணைத்துக்கொண்டது. 1955இற் பெய்ஜிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சிக்கழகமும், 1956இற் பெய்ஜிங், ஷாங்ஹாய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு நகரங்களிற் கல்லூரிகளும் எழுந்தன.

சோதனையின் முதற் பெருவெற்றி மலேரியாக் காய்ச்சலிற் கிடைத்தது. வியட்நாம் போர்க்காலத்தில் குளோரோகுவினுக்கு அடங்காத மலேரியா படையினரைக் கொன்று கொண்டிருந்தது. 1967 மே 23ஆம் நாள் தொடங்கியமையால் '523' எனப் பெயர் பெற்ற மறைமுகத் திட்டம் ஒன்றில், பெய்ஜிங் ஆராய்ச்சிக்கழகத்தைச் சேர்ந்த து யூயூ என்ற பெண்மணி 1969இற் சேர்ந்தார். அவருடைய குழுவினர் ஈராயிரம் மருந்து முறைகளைத் திரட்டி, சுமார் இருநூறு மூலிகைகளிலிருந்து எடுத்த 380 சாறுகளை எலிகளிற் சோதித்தனர். சிங்ஹாவ் என்ற பூண்டின் சாறு ஒருமுறை நற்பயன் தந்தது. மறுமுறை தரவில்லை. அப்போது, நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய கைந்நூலின் குறிப்பு ஒன்று து யூயூவின் கருத்தைக் கவர்ந்தது. முறைக்காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்குமாறு அந்நூல் கூறிற்று. மற்ற மூலிகைகளைப்போற் காய்ச்சும்படி கூறவில்லை. வெப்பமே மருந்தின் ஆற்றலை அழிக்கின்றது போலும் என ஊகித்த அவர், குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4ஆம் நாள் சோதிக்கப்பட்ட 191ஆவது மாதிரி எலிகளின் இரத்தத்தில் இருந்த மலேரியாக் கிருமிகளை முற்றாக அழித்தது.

இதனோடு ஏட்டின் பணி முடிந்தது, சோதனையின் பணி தொடங்கிற்று. 1972இல் அவரும் தோழர் இருவரும் முதலில் தாமே அச்சாற்றை உண்டு தீங்கில்லை எனக் கண்டனர். பின்னர் ஹைனான் தீவில் 21 நோயாளருக்கு அது அளிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆர்ட்டிமிசினின் பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது. இதற்கிடையே, சிங்ஹாவ் என்ற ஒரே பெயரின்கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கி வந்தன என்பதும், 'ஆர்ட்டிமிசியா அன்னுவா' என்ற இனத்திலேயே மருந்துப்பொருள் போதிய அளவு உண்டென்பதும் தெளிவாயின. பெயரை மட்டும் நம்பியிருந்தால் வழி தவறியிருக்கும்.

ஆயினும் உலக வழிகாட்டி நூல்களில் இடம்பெற இத்துணையும் போதவில்லை. ஆர்ட்டிமிசினினின் வழிவந்த ஆர்ட்டிசுனேட், கடுமையான மலேரியாவிற் பழைய குவினைனை விஞ்சுமா என அறிய வேண்டியிருந்தது. வங்காளதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியன்மார் ஆகிய நாடுகளில் 1,461 நோயாளரிடம் நடந்து 2005இல் வெளியான பரிசோதனையில், குவினைன் பெற்றோரில் நூற்றுக்கு 22 பேரும் ஆர்ட்டிசுனேட் பெற்றோரில் நூற்றுக்கு 15 பேரும் இறந்தனர். ஆபிரிக்காவின் ஒன்பது நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்து 2010இல் வெளியான பரிசோதனையில் இறப்பு நூற்றுக்கு 10.9 இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. இவற்றின்மேலேயே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது. து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். நான்காம் நூற்றாண்டின் ஒரு வரி இருபத்தோராம் நூற்றாண்டின் வழிகாட்டி நூலை அடைந்த பாதை இது. இப்பாதையில் ஏடு குறிப்புத் தந்தது, தீர்ப்பைத் தந்தவர்கள் எண்ணிக் கணக்கிடப்பட்ட நோயாளிகள்.

இவ்வாறே வெள்ளைப் பாஷாணத்தின் கதையும். 1970களில் ஹார்பின் நகரத்து வைத்திய ஆராய்ச்சியாளர், நாட்டுப்புற வைத்தியர் ஒருவர் புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்தை ஆராய்ந்தனர். பாஷாணம், பாதரச உப்பு, தேரை நஞ்சு மூன்றும் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கிச் சோதித்தபோது, பயன் தருவது பாஷாணமே என்று தெரிந்தது. மற்ற இரண்டும் வீணே நஞ்சு ஊட்டின. ஜாங் டிங்டொங்கும் அவர் குழுவினரும், பல புற்றுநோய்களுள்ளே தீவிரமான ஒருவகை இரத்தப் புற்றுநோயில் அது மிக நன்கு வேலை செய்வதைக் கண்டனர். 2013இல் இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட பரிசோதனையில், அபாயம் குறைந்த அந்நோயாளரிடம், விற்றமின் ஏ வழிவந்த மருந்தோடு பாஷாணத்தைச் சேர்த்த சிகிச்சை, வழக்கமான புற்றுநோய் மருந்துகளைச் சேர்த்த சிகிச்சைக்குக் குறைந்ததன்று என நிறுவப்பட்டது. ஒரு காலத்தில் விரைந்து உயிர் கொண்ட அந்நோய் இன்று பெரும்பாலும் குணமாக்கக்கூடிய நோயாகியிருக்கிறது.

இவை ஏட்டுக்கும் வழக்கத்துக்கும் வெற்றி தேடித் தந்த கதைகள். மறுபக்கக் கதையையும் அறிதல் வேண்டும். பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த குளிகைகளை உண்ட இளம் பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வைத்தியசாலைகளை அடைந்தனர். 1993இல் இச்செய்தி வெளியாயிற்று. காலப்போக்கிற் பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றைக் கடந்தது. அவர்களுக்கு அளிக்கப்பட வேண்டிய சரக்கு ஹான்ஃபாங்ஜி. அளிக்கப்பட்டதோ குவாங்ஃபாங்ஜி. இரண்டுக்கும் பெயரின் ஈறு ஒன்று, குலம் வேறு. பின்னது அரிஸ்டோலோக்கியாக் குலத்தைச் சேர்ந்தது. அதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு சிறுநீர்ப்பாதையிற் புற்றுநோயையும் விளைப்பது. பழுதான சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்ததென 2000இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

சீனாவிலேயே மூடோங் என்ற பழைய சரக்கின் இடத்தில், அதே குலத்தைச் சேர்ந்த குவான்மூடோங் பல காலமாகப் புகுந்து வழங்கி வந்தது. 2003இல் அதனையும், 2004இல் குவாங்ஃபாங்ஜியையும் அரசு மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. தமிழ் வைத்தியத்தில் ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை என வழங்குவனவும் இக்குலத்துச் செடிகளே ஆதலால், இப்பாடம் சீனருக்கு மட்டும் உரியதன்று.

அரிஸ்டோலோக்கியாக் குலத்துச் சரக்குகள் நூற்றாண்டுக் கணக்காக வழக்கில் இருந்தன. அவற்றைக் கையாண்ட வைத்தியர் அறிவிலோ நேர்மையிலோ குறைந்தவரல்லர். இருந்தும் இத்தீங்கு ஏன் கண்ணிற் படவில்லை? இங்கேதான் அனுபவத்தின் எல்லை தெரிகிறது. மருந்து உண்ட அன்றே வாந்தி எடுத்தால் எவரும் காரணத்தை அறிவர். மாதங்களும் ஆண்டுகளும் கழித்து உடல் வீங்கி இறந்தால், அது என்றோ உண்ட மருந்தினால் வந்தது என்று யார் இணைத்துப் பார்ப்பர்? விரைந்து வரும் விளைவை அனுபவம் பிடித்துக்கொள்ளும். மெல்ல வரும் விளைவு அதன் விரலிடுக்கில் நழுவிவிடும். நன்மைக்கும் இது பொருந்தும். தானே ஆறும் தடிமனை மருந்து ஆற்றியது என்று நினைப்பது எளிது. ஆயிரம் ஆண்டு வழக்கம் என்பது ஒரு சான்றுதான். ஆனால் அது எதைக் காட்டவல்லது, எதைக் காட்டமாட்டாது என்று அறிந்தே பயன்படுத்தற்குரியது.

அனுபவத்தின் இக்குறையை நிரப்பவே எழுமாற்றுப் பரிசோதனை தோன்றிற்று. நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மருந்தும் மறு கூற்றுக்குப் போலி மருந்தோ வேறு சிகிச்சையோ கொடுத்து ஒப்பிடுவது அதன் முறை. 1948இல் பிரித்தானியாவில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த ஆய்வு அதற்கு முன்மாதிரியாயிற்று. 'சான்றின்வழி வைத்தியம்' என்ற தொடர் 1990களின் தொடக்கத்திற் கனடாவில் எழுந்து உலகெங்கும் பரவியது. 1999இல் செங்டு நகரத்து ஹுவாசி வைத்தியசாலையிற் பரிசோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் நிலையம் நிறுவப்பட்டது. சீன வைத்தியரும் இம்முறையை ஆர்வத்தோடு மேற்கொண்டனர். ஆனால், ஆர்வம் முறையை முந்திக்கொண்டது. 1999இற் சீன ஆராய்ச்சியாளரும் ஆங்கிலநாட்டு ஆராய்ச்சியாளரும் இணைந்து, சீனச் சஞ்சிகைகளில் வெளியான ஏறத்தாழ மூவாயிரம் பரிசோதனைகளை ஆராய்ந்தபோது, அவற்றிற் பெரும்பாலானவை சிறியனவாகவும் முறைகுன்றியனவாகவும் இருந்தன. எழுமாற்று முறையில் நடத்தியதாக எழுதியோரைத் தொலைபேசியில் வினவி 2009இல் வெளியான வேறோர் ஆய்வில், சீன வைத்தியம், மேனாட்டு வைத்தியம் ஆகிய இருதுறையிலும் சேர்த்து நூற்றுக்குப் பத்துக்கும் குறைந்தவையே மெய்யாக அம்முறையில் நடந்தவை எனத் தெரிந்தது. இக்குறையை வெளிப்படுத்தியவர்கள் சீன ஆராய்ச்சியாளரே. தன் குற்றத்தைத் தானே எண்ணிப் பார்க்கும் துறையே திருந்தும் துறை.

சீன வைத்தியத்தை இம்முறையில் அளப்பதில் உண்மையான இடர்ப்பாடுகளும் உண்டு. தலைவலி என்ற ஒரு நோயை அவ்வைத்தியம் ஒன்றாகக் கருதுவதில்லை. நாடியையும் நாவையும் மற்றைக் குறிகளையும் பார்த்து, நோயாளியின் நிலையைப் பலவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் வெவ்வேறு மருந்து வகுக்கும். மருந்திலும் சரக்குகளைக் கூட்டியும் குறைத்தும் நாளுக்கு நாள் மாற்றும். எல்லார்க்கும் ஒரே குளிகை என்னும் பரிசோதனைக்குள் இது எளிதில் அடங்குவதில்லை. கசப்பும் மணமும் மிக்க குடிநீருக்கு நோயாளி அறியாதபடி போலி செய்வதும் எளிதன்று. இவை கடினமாயினும் கடக்க முடியாதவை அல்ல. நோய்நிலை வகையையும் மருந்தின் சேர்க்கையையும் எவ்வாறு விரிவாக அறிவிக்க வேண்டும் என்று 2017இற் சர்வதேச அறிஞர் குழு ஒன்று சீன மருந்துப் பரிசோதனைகளுக்கென்றே விதிகள் வகுத்தது.

வழிகாட்டி நூல்களை ஆக்குவோரின் முன் நின்ற வினா இன்னும் நுட்பமானது. நல்ல பரிசோதனை உள்ள இடத்தில் அதனைப் பின்பற்றலாம். பரிசோதனை இல்லாத இடத்தில் என்ன செய்வது? பழைய நூல்களும் மூத்த வைத்தியரின் அனுபவமும் மட்டுமே உள்ள இடங்கள் சீன வைத்தியத்திற் பல. அவற்றை முற்றாகத் தள்ளினால் வழிகாட்டி வெறுந்தாளாகும். பரிசோதனையோடு ஒன்றாகக் கலந்தால் நோயாளி ஏமாற்றப்படுவார். 2007இற் பெய்ஜிங்கில் முன்வைக்கப்பட்ட ஒரு படிமுறை இதற்கு வழி கூறிற்று. பழைய நூலில் எழுதப்பெற்று இன்றுவரை தொடர்ந்து வழங்கும் சிகிச்சையையும், நூலில் இருந்தும் வழக்கொழிந்த சிகிச்சையையும் வேறு வேறு படிகளில் வைத்து, இரண்டையும் முறையான பரிசோதனைக்குக் கீழே நிறுத்துவது அதன் கருத்து. ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் அதன் சான்று எந்தப் படியினது என்பதை எழுதி வைத்தால், வைத்தியர் தாம் எந்தத் தரையில் நிற்கிறார் என்பதை அறிந்து மருந்து எழுதுவார். இந்த நேர்மையே வழிகாட்டி நூலின் உயிர்.

அவ்வாறு எழுதாத இடத்தில் நேரும் குழப்பத்தைக் கொரோனாக் கொள்ளைநோய் காட்டிற்று. 2020இற் சீன அரசின் சிகிச்சைத் திட்டத்திற் சேர்க்கப்பட்ட சிங்ஃபெய் பைடு குடிநீர், ஜாங் ஜோங்ஜிங்கின் நூலிற் கண்ட மருந்து முறைகளை இணைத்து ஆக்கப்பட்டது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு கொள்ளைநோயிற் பிறந்த முறை, புதிய கொள்ளைநோயின் வாசலில் மீண்டும் நின்றது. பெரும் பரிசோதனைகளுக்குக் காத்திருக்க அவகாசம் இருக்கவில்லை. பின்னர் வெளியான ஆய்வுகளிற் பல, சிகிச்சை முடிந்தபின் வைத்தியசாலைப் பதிவுகளைப் பார்த்தவையே. அவற்றால், மருந்து பெற்றவரும் பெறாதவரும் வேறு வகையில் ஒத்திருந்தனரா என்ற ஐயத்தை முற்றாக நீக்க இயலாது. அவசரத்தில் எடுத்த முடிவு தவறென்று இதனாற் பொருளாகாது. ஆனால் அவசர முடிவு என்ற அடையாளத்தோடு அது வழங்கப்படல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் நல்ல மாற்றம் தோன்றியிருக்கின்றது. இதயம் தளர்ந்த 3,110 நோயாளரிடம் 133 வைத்தியசாலைகளில் 'சிலி சியாங்சின்' என்ற சீன மருந்துக் குளிகை சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையோடு இதனையும் பெற்றோரில் நூற்றுக்கு 25 பேரும், போலிக் குளிகை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேரும் இதய நோயால் இறந்தனர் அல்லது இதயத் தளர்ச்சி முற்றி மீண்டும் வைத்தியசாலையிற் சேர்ந்தனர் என 2024இல் வெளியாயிற்று. மாரடைப்பு நோயாளர் 3,777 பேரிடம் 'டோங்சின்லுவோ' என்ற மருந்தைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்வும் பயன் காட்டிற்று. இவற்றை ஒத்த பெருமை வாய்ந்தது, பயன் காட்டாத ஓர் ஆய்வு. மூளையில் இரத்தம் கசிந்த 1,600க்கு மேற்பட்ட நோயாளரிடம், 26 வைத்தியசாலைகளில், நெடுநாளாக வழங்கிய ஒரு சீன மருந்து சோதிக்கப்பட்டது. போலி மருந்தினும் அது சிறந்ததன்று என 2024இல் ஒளிக்காமல் வெளியிட்டனர். வெற்றியை மட்டும் அச்சிடும் துறையின் வெற்றியை எவரும் நம்பார். தோல்வியையும் அச்சிடும் துறையின் வெற்றிக்கே மதிப்பு உண்டு.

ஈராயிரம் ஆண்டு வரலாறு முழுவதையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, ஏட்டுக்கும் பரிசோதனைக்கும் பகை மூட்டுவது வீண் என்பது புலப்படும். கே ஹோங்கின் ஏடு இல்லையேல் சிங்ஹாவின் சாறு குளிர்ந்த ஈதரிற் கரைந்திராது. பரிசோதனை இல்லையேல் அந்த ஏடு ஒரு குழந்தையையும் ஆபிரிக்காவிற் காத்திராது. ஃபாங்ஜி என்ற பெயரை மட்டும் நம்பியோர் சிறுநீரகத்தை இழந்தனர். ஏடு, எங்கே தேடலாம் என்று சொல்லும். தேடியது கிடைத்ததா என்பதை நோயாளியிடமே சென்று, எண்ணிப் பார்த்துத்தான் அறிதல் வேண்டும். இருநூறு உறவினரிற் பெரும்பகுதியினரை இழந்து எழுதுகோல் எடுத்த ஜாங் ஜோங்ஜிங், பழையோர் சொன்னதையே திருப்பிச் சொல்வதற்காக எழுதவில்லை, பிழைக்க வைப்பதற்காகவே எழுதினார். ஒரு வழிகாட்டி நூலின் ஒவ்வொரு வரியிலும், இது பழையோர் சொன்னது, இது இத்தனை பேரிடம் கண்டது, இது இன்னும் அறியப்படாதது என்று பிரித்து எழுதும் கை, அவர் தொடங்கிய பணியையே தொடரும் கையாகும்.